வர்க்கி பழிவாங்கவில்லை

போன வாரம் நண்பர் ஒருவர் ஒரு பதிவு போட்டிருந்தார். இரண்டு நாள் திருச்சி போய்விட்டு வந்து பார்த்தால், அவருடைய பூனை மெத்தை மேல் மூத்திரம் போய் வைத்திருக்கிறது. "விட்டுட்டுப் போனதுக்குப் பயல் பழிவாங்கிட்டான்" என்று எழுதியிருந்தார். கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டி நின்றன. போன ஆடி மாதத்துக்கு முன்னால் என்றால் நானும் ஒரு சிரிப்பைப் போட்டுவிட்டுக் கடந்திருப்பேன். இந்த முறை உள்பெட்டிக்குப் போய், "கடுவனா? அடிக்கடி உட்கார்ந்து முக்குதா? உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க" என்று எழுதினேன். "என்ன தலைவரே, காமெடியப் போய் சீரியஸாக்கறீங்க" என்று பதில் வந்தது. சரி, எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னால்தான் புரியும் போலிருக்கிறது. நீளமான பதிவு. நேரமிருப்பவர்கள் படியுங்கள்.

வீடு கோத்தகிரியில், டவுனிலிருந்து கொஞ்சம் தள்ளி. பின்பக்கம் தேயிலை, அதற்கும் பின்னால் சோலை. அப்பா இருந்தவரை எங்கள் வீட்டில் நாய்தான். கடைசி நாயை ஒரு ராத்திரி சிறுத்தை தூக்கிக்கொண்டு போனது. எங்கள் பக்கத்தில் இது செய்தியே இல்லை. அதற்கப்புறம் நாய் வேண்டாம் என்று இருந்த வீட்டுக்கு, மகள் ஒரு மழை நாளில் ஸ்கூல் பையில் போட்டுக்கொண்டு வந்த பூனைக்குட்டிதான் வர்க்கி. பேக்கரியில் அடுக்கி வைத்த ஊட்டி வர்க்கி என்ன நிறமோ அதே நிறம். இப்போது நாலு வயது. கருத்தடை செய்தாயிற்று. சிறுத்தை பயத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கதவு திறப்பதில்லை, அவன் உலகம் அதற்குப் பிறகு ஜன்னல் மட்டும்தான்.

நாய் வளர்த்த வீடு என்பதால் எங்கள் எல்லோருக்கும் ஒரு நோய் இருந்தது. நாய்க்குக் கற்ற பாடத்தை வைத்துக்கொண்டு பூனையைப் படிப்பது. நாய் வாலாட்டினால் குஷி. வர்க்கி மடியில் படுத்துக்கொண்டு வாலைப் படார் படாரென்று அடிப்பான், நானும் குஷி என்று நினைத்து இன்னும் தடவுவேன், அடுத்த நொடி கையில் நகம். "சனியனே, கொஞ்சினா பிராண்டுது." அவன் அரை நிமிடமாக 'போதும், விடு' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். மல்லாந்து வயிற்றைக் காட்டினால் 'இங்கே நான் பயமில்லாமல் படுத்திருக்கிறேன்' என்று அர்த்தம், 'தொடு' என்று அர்த்தமில்லை. வாலைக் கொடிக்கம்பம் மாதிரி நிமிர்த்தி, நுனியை மட்டும் வளைத்துக்கொண்டு வந்தால் அதுதான் அவன் வணக்கம்.

அப்புறம் கண். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிட்டதா என்று கேலி பேசியே பழகியவர்கள் நாம். அது நம்மைப் பார்த்து மெல்லக் கண்ணைச் சுருக்கி மூடுவது நம்பிக்கையின் அடையாளம். 2020-ல் இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். வளர்ப்பவர் மெதுவாகக் கண் சிமிட்டினால் பூனையும் பதிலுக்குக் கண்ணைச் சுருக்குகிறது. அறிமுகமில்லாத ஆள் அப்படிச் சிமிட்டினால் அவரிடமும் நெருங்கி வருகிறது. வெறித்துப் பார்ப்பது அதன் பாஷையில் சண்டைக்கு இழுப்பது. வீட்டுக்கு வரும் விருந்தாளிகளில் பூனை பிடிக்காதவர் மடியில்தான் வர்க்கி போய் உட்காருவான், ஏனென்றால் அவர் ஒருவர்தான் இவனை உற்றுப் பார்க்காமல் இருப்பார். பாவம், அவருக்கு அது தெரியாது.

கதைக்கு வருகிறேன். ஆனி மாதக் கடைசியில் எங்கள் பின்பக்க மதில் மேல் ஒரு கறுப்புக் கடுவன் வந்து உட்கார ஆரம்பித்தது. காது கிழிந்த, கன்னம் உப்பிய, ஊரை அடித்து உலையில் போடும் ரகம். மதில் மேல் பூனை என்றால் எந்தப் பக்கம் குதிப்பது என்று முடிவெடுக்காதவன் என்போம் இல்லையா, இது அப்படியில்லை, எல்லாம் முடிவெடுத்துவிட்டு வந்து உட்கார்ந்த பூனை. வர்க்கி உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் முதுகு ரோமம் சிலிர்க்க, தொண்டைக்குள்ளிருந்து ஒரு ஊளை. நான் சமாதானம் செய்வதாக நினைத்து முதுகைத் தொட்டேன். திரும்பிப் பாய்ந்து மணிக்கட்டைக் கவ்விவிட்டான். நாலு பல்லும் இறங்கியது.

கோபம் கடுவன் மேல், கடி என் மேல். எட்டாத எதிரியிடம் காட்ட முடியாததைக் கிட்டே இருப்பவனிடம் காட்டுவது. ஆபீசில் மேனேஜரிடம் வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் சாம்பாருக்கு உப்பில்லை என்று கத்துகிற நமக்கு இது புரியாத விஷயமில்லை. அந்த நேரத்தில் தொடாமல், ஜன்னலுக்குத் துணியைப் போட்டு மறைத்துவிட்டு, அவனாக அடங்கும்வரை தனியே விட வேண்டும். சில பூனைக்கு அரை மணி, சிலதுக்கு ஒரு நாள்கூட ஆகும். (கடி பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஊசிக்குப் போங்கள். பூனைக்கடிதானே என்று மஞ்சள் வைத்துவிட்டு உட்காராதீர்கள். வெறிநாய்க்கடி வைத்தியத்துக்கென்றே 1907-ல் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் வந்த குன்னூர் எங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. அப்படியும் இங்கே மஞ்சள் வைக்கும் கூட்டம் குறையவில்லை.)

அன்றிலிருந்து வீட்டில் அவனுக்கு 'கடிக்கிற பூனை' என்று பெயர் விழுந்துவிட்டது. அதனால்தான் அடுத்து நடந்ததை நாங்கள் எல்லோரும் தப்பாகப் படித்தோம்.

ஆடி பிறந்து விடாத மழை. ஒரு காலையில் குளியலறை மூலையில் சின்ன ஈரம். மத்தியானம் என் ஜெர்கின் மேல் இன்னொன்று. "ஏங்க, நேத்து நீங்க திட்டினதுக்குத்தான் இது" என்றார் மனைவி. எனக்கும் அப்படித்தான் பட்டது. மூக்கைப் பிடித்து ஈரத்தின் பக்கம் காட்டி, நாய்க்குட்டிக்குச் செய்வது மாதிரி அதட்டினேன். இதை எழுதும்போதே கூசுகிறது. அன்று சாயங்காலம் அவன் உம்மென்று குந்தியிருந்ததை மகள் போட்டோ எடுத்து, 'கோபக்கார அங்கிள்' என்று ஸ்டேட்டஸ் வைத்தாள். மறுநாள் அவன் ஒன்றுக்கு, ரெண்டுக்குப் போக வைத்திருந்த மணல் தட்டில் போய் உட்காருவதும் எழுவதுமாக இருந்தான். மலச்சிக்கல் என்று நினைத்தோம். அம்மா அரை பாராசிட்டமாலைப் பாலில் கரைத்து வைக்கலாமா என்று கேட்டார். நல்லவேளை, பால் தீர்ந்திருந்தது. பூனைக்குப் பாராசிட்டமால் விஷம், அரை மாத்திரையே உயிரை எடுத்துவிடலாம் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இரண்டாம் நாள் இரவு வாந்தி எடுத்தான். தெரிந்த கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தேன். நான் முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை, "சார், கடுவன்தானே? யூரின் அடைச்சிருக்கு. காலைல வரைக்கும் வெச்சிருக்காதீங்க, இப்பவே கோயம்புத்தூர் இறக்கிடுங்க" என்றார்.

ஜீப்பில் நானும் மகளும், மடியில் கூடை. மேட்டுப்பாளையம் வரை 33 கிலோமீட்டர் இறக்கம், மூடுபனி. குஞ்சப்பனை பக்கம் பலாப்பழ சீசன் என்பதால் ரோட்டோரம் யானை. முன்னால் இரண்டு லாரி விளக்கை அணைத்துவிட்டு நின்றது, நாங்களும் நின்றோம். இருபது நிமிடம். இன்ஜின் சத்தம் நின்றதும் கூடைக்குள்ளிருந்து குர்ர்ர்... குர்ர்ர்... என்று ஒரே சீராக ஒரு சத்தம். மகள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பா, குர்குர் பண்றான்! சரியாயிட்டான்பா." எனக்கும் நிம்மதி. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். யானை வழியை மறித்து நின்றதால்தான் வண்டியைத் திருப்பவில்லை என்று நினைக்கிறேன்.

கோவையில் டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மூத்திரப்பை ஆரஞ்சுப் பழம் மாதிரி கெட்டியாக இருந்தது. மயக்க ஊசி போட்டு, குழாய் சொருகி எடுத்தார்கள். ரத்தம் கலந்து வந்தது. "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா கிட்னி போயிருக்கும், இதயமே நின்னிருக்கும்" என்றார். நான் கேட்டேன், "வழியெல்லாம் குர்குர்னு சத்தம் போட்டுட்டு வந்தானே மேடம்?" அவர் சிரிக்கவில்லை. "வலியிலயும் போடும் சார். பிரசவத்துல போடும், சாகப்போறப்பவும் போடும். தன்னைத் தானே ஆத்திக்கறதுக்கு."

அந்தச் சத்தத்தில் எத்தனை விதம் இருக்கிறது என்று பிறகு தேடித்தேடிப் படித்தேன். காலையில் சோறு கேட்கும்போது போடும் குர்குரில் குழந்தை அழுகை மாதிரி ஒரு உயர்ந்த ஸ்தாயி கலந்திருக்கும், அதைக் கேட்டு நம்மால் படுத்திருக்க முடியாது என்று 2009-லேயே ஒரு ஆய்வு சொல்லிவிட்டது. 'மியாவ்' என்பதும் பெரும்பாலும் நமக்காகத்தான். வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் மியாவ் என்று பேசிக்கொள்வது அபூர்வம். நம்மிடம் பேசுவதற்கென்றே ஒரு பாஷையை வைத்துக்கொண்டிருக்கும் பிராணியைத்தான் ஒட்டாத ஜென்மம் என்கிறோம்.

மகள் வைத்த அந்த ஸ்டேட்டஸ் போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. பூனை முகத்தை வைத்தே வலியை அளக்க மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தார் 2019-ல் ஒரு முறை கண்டுபிடித்தார்கள். ஐந்து விஷயம் பார்க்கிறார்கள்: காது, கண், மூக்கு வாய்ப் பகுதி, மீசை, தலை நிற்கும் உயரம். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காது இரண்டும் விலகிப் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. கண் இடுங்கியிருக்கிறது. மூக்குக்குக் கீழே இறுகிப்போய் உப்பலே இல்லை. மீசை நேராக விறைத்திருக்கிறது. தலை தோளுக்குக் கீழே தொங்குகிறது. ஐந்தும் இருக்கிறது. நாங்கள் அதற்கு வைத்த பெயர் கோபக்கார அங்கிள். நாற்பத்தைந்து லைக்.

பழிவாங்கத் திட்டம் வேண்டும். நேற்று இவன் திட்டினான், இன்று இவன் ஜெர்கினில் போனால் இவன் மனம் நோகும் என்று கணக்குப் போட வேண்டும். பூனை அப்படிக் கணக்குப் போடுகிற பிராணியில்லை. என் ஜெர்கினை அவன் தேர்ந்தெடுத்தது அது மெத்தென்று இருந்ததாலும், என் வாசனை அடித்ததாலும்தான். தட்டில் போனால் வலிக்கிறது, வேறு இடத்தில் போனால் வலிக்காதோ என்று தேடியிருக்கிறான். வாலை உயர்த்தி நின்றுகொண்டு சுவரில் பீச்சினால் அது எல்லைக் குறி, வெளியே எவனோ வந்திருக்கிறான் என்று அர்த்தம். குந்தி உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகப் போனால் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா சொன்ன காரணங்களில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது இது: உலர் தீவனம் மட்டுமே தின்றதும் தண்ணீர் குடிக்காததும் ஒரு பக்கம் இருக்க, மனக் கலவரமும் மூத்திரப்பையைப் புண்ணாக்குமாம். "வீட்ல ஏதாவது மாறுதல் நடந்துச்சா?" என்று கேட்டார். மதில் மேல் உட்கார்ந்த கறுப்புக் கடுவன் ஞாபகத்துக்கு வந்தது.

இதனால்தான் எனக்கு அந்த ரீல்ஸ்களைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. தின்றுகொண்டிருக்கும் பூனைக்குப் பின்னால் வெள்ளரிக்காயை வைத்துவிட்டு, அது நாலடி எகிறுவதைப் பிடித்துப் போடுகிறார்கள். அது சாப்பிடும் இடம், அது பத்திரம் என்று நம்பிய ஒரே மூலை. மற்றபடி பூனை குறுக்கே போனால் சகுனம் பார்ப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அவர்கள் குறைந்தபட்சம் பூனையைத் தொந்தரவு செய்வதில்லை.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அம்மா வர்க்கியைத் தொடவே மாட்டார். சோறு வைப்பார், விலகிவிடுவார். "நாய் மனுசனுக்குச் சொந்தம், பூனை வீட்டுக்குத்தான் சொந்தம்" என்பார். அம்மா இலங்கையில் நுவரெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில், பதினாறு வயதில், தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு இங்கே தேயிலைக்கு வந்த குடும்பம். லயத்தில் ஒரு பூனை இருந்ததாம், பெயர் ராசாத்தி. சாமான் கட்டும்போது ஒவ்வொரு மூட்டையாக முகர்ந்து பார்த்துக்கொண்டே திரிந்ததாம்.

ஒரு நாள் அம்மாவிடம் சும்மா சொல்லிக்கொண்டிருந்தேன். 2019-ல் அமெரிக்காவில், ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில், பூனைகளைப் புது அறையில் வளர்ப்பவரோடு இரண்டு நிமிடம், தனியே இரண்டு நிமிடம், மறுபடி அவரோடு இரண்டு நிமிடம் என்று விட்டுப் பார்த்திருக்கிறார்கள். சுமார் 65 சதவீதப் பூனைகள், வளர்ப்பவர் திரும்பி வந்ததும் பதற்றம் அடங்கி நிம்மதியாகியிருக்கின்றன. கைக்குழந்தைகளிடமும் கிட்டத்தட்ட இதே கணக்குதானாம். அது பழக்கமில்லாத அறை. அங்கே அதற்குச் சொந்தமென்று இருந்தது அந்த ஆள் மட்டும்தான்.

அம்மா வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "கூட வராதுன்னு எல்லாரும் சொன்னாங்க தம்பி. நாங்க கூப்பிட்டே பாக்கல" என்றார்.

வர்க்கி இப்போது நன்றாக இருக்கிறான். வீட்டில் மூன்று இடத்தில் தண்ணீர்க் கிண்ணம், உலர் தீவனத்தைக் குறைத்து மீனும் கோழியும் வேகவைத்த தண்ணீரோடு. மார்கழிக் குளிரில் எந்நேரமும் என் போர்வைக்குள். வெயிலில் விட்ட நாட்களில் ஜீப்பின் பானெட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறான், அதனால் தட்டிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்கிறேன். பின்பக்க ஜன்னலின் கீழ்ப்பாதிக்குப் பேப்பர் ஒட்டியாயிற்று.

கறுப்புக் கடுவன் இன்னும் மதில் மேல்தான். யாரும் வளர்க்கிற பூனையாகத் தெரியவில்லை. பிடித்துக் கருத்தடை செய்துவிட்டால் அதுவும் அடங்கும், எங்கள் தெருவும் அடங்கும். கோத்தகிரி நண்பர்கள் யாரிடமாவது பூனை பிடிக்கும் கூண்டு இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். கருவாடு என் செலவு.