பொற்காலத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

இங்கே பர்மாவில், பழைய தமிழ் வகுப்பு நினைவுகூட்டத்தில் ஆத்திசூடி சொன்ன பத்து வயதுப் பிள்ளையைக் கேலி செய்து சிரித்த அந்த வீடியோவை எனக்கு யாரும் இனிமேல் அனுப்ப வேண்டாம். அன்று நான் மண்டபத்திலேயே இருந்தேன். ஓடாத மின்விசிறிக்குக் கீழே, மூன்றாவது வரிசையில். மேடையில் நின்ற பிள்ளையையும் பார்த்தேன், சிரித்தவர்களையும் பார்த்தேன். யார் யார் சிரித்தார்கள் என்று இங்கே எழுதப் போவதில்லை. அவரவருக்கே தெரியும்.

பேசாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று அதே வீடியோவுக்குக் கீழே ஒருவர், "நம்ம பள்ளிக்கூட நாட்கள் பொற்காலம், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை" என்று எழுத, அதற்கு வரிசையாக எல்லோரும் இதயம் போட, எனக்குப் பொறுக்கவில்லை. மின்சாரம் வரும் நேரம் பார்த்து, தடையைத் தாண்ட விபிஎன் போட்டு, வேலை மெனக்கெட்டு எழுதுகிறேன்.

விஷயம் ஒன்றுதான். உங்கள் சின்ன வயது பள்ளிக்கூட நினைவு உங்களுக்கு இனிக்கட்டும், யாருக்கும் ஆட்சேபணை இல்லை. அதையே பிரம்பாக்கி இன்றைய பிள்ளையை அடிக்காதீர்கள்.

"அறம் செய விரும்பு" என்பதை "அயம் செய வியும்பு" என்றாளாம். ஆமாம், அப்படித்தான் சொன்னாள். பகல் முழுக்க பர்மிய மொழியில் படித்து, பர்மிய மொழியில் விளையாடி, பர்மிய மொழியில் சண்டை போடுகிற பிள்ளைக்கு ரகரம் வாயில் நிற்காது, யகரமாகத்தான் வரும். ரங்கூன் என்ற ஊரே யாங்கோன் என்று ஒலிக்கிறது, அதற்கு யாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததாக எனக்கு நினைவில்லை. பத்து வயதுப் பிள்ளை சொன்னால் மட்டும் மைக்கைப் பிடுங்கி "இது தமிழா, பர்மீயமா?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. அவள் அதோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிரிப்புச் சத்தத்துக்கு நடுவிலேயே "ஊக்கமது கைவிடேல்" வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் இறங்கினாள். வீடியோவில் அந்தப் பகுதி இல்லை. வெட்டிவிட்டார்கள்.

அந்தப் பிள்ளை என் பிள்ளை இல்லை. என் பிள்ளையாக இருந்திருந்தால் இந்தப் பதிவு இவ்வளவு மரியாதையாக இருந்திருக்காது.

சரி, பொற்காலத்துக்கு வருவோம். நானும் அந்தக் காலத்தவள்தான். எண்பதுகளில், ரங்கூனுக்கு ஆற்றின் அக்கரையிலுள்ள சிரியத்தில் படித்தேன், இப்போது தன்லின் என்கிறோம். பாலம் இல்லாத காலம், 93-இல்தான் திறந்தார்கள். ரங்கூனுக்குப் போக வேண்டுமென்றால் படகுதான். பச்சை லுங்கி, வெள்ளைச் சட்டை, இரண்டு கன்னத்திலும் தனாக்கா என்கிற மரப்பட்டைப் பூச்சு, தோளில் ஷான் துணிப் பை, பைக்குள் சிலேட்டு. குச்சி பாதிக்கு மேல் உடைந்துதான் இருக்கும். வகுப்பில் சயாமா, அதாவது ஆசிரியை, நுழைந்ததும் எழுந்து நின்று கை கட்டி "மிங்கலாபா சயாமா" என்று கத்துவோம். அப்புறம் "க ஜீ, க க்வே" என்று பர்மிய எழுத்துப் பாடம், தெருமுனைவரைக்கும் கேட்கிற மாதிரி. யார் அதிகம் கத்துகிறார்களோ அவர்கள்தான் நல்ல மாணவர்கள் என்று நாங்களாக ஒரு கணக்கு வைத்திருந்தோம்.

எனக்கும் இதெல்லாம் இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் இந்தப் படத்தில் இன்னொரு பாதி இருக்கிறது, மேடையில் பேசிய ஒருவர்கூட அதைத் தொடவில்லை. பள்ளியில் சேர்ந்தபோது எனக்கு பர்மிய மொழி சுத்தமாக வராது. வீட்டில் தமிழ், தெருவில் தமிழ், கோயிலில் தமிழ். பர்மியம் தொனி மாறினால் அர்த்தமே மாறிப்போகிற மொழி. எழுந்து வாசித்தால் வகுப்பே சிரிக்கும். பெயர் கூப்பிட்டாலும் சிரிக்கும். வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பர்மியப் பெயர் என்று வைத்து அனுப்பினார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அப்படித்தான். பள்ளிப் பெயரைக் கூப்பிட்டால் அது நான்தான் என்று எனக்கே உறைக்காது, பக்கத்தில் இருப்பவள் இடித்த பிறகு எழுந்திருப்பேன். அதற்கும் ஒரு சிரிப்பு. எங்களை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று உங்களுக்கும் தெரியும், அந்த வார்த்தையை நான் எழுத வேண்டியதில்லை.

அப்போது எங்கள் சயாமா என்ன செய்தார் தெரியுமா? மேசையில் ஸ்கேலால் ஒரு தட்டு. வகுப்பு அடங்கியது. அவ்வளவுதான், பிரசங்கம் எதுவும் இல்லை. மறுநாளிலிருந்து என்னை முதல் வரிசைக்கு மாற்றினார். காலையில் மணி அடிப்பதற்கு முன்னால் வரச் சொல்லி, அவர் ஒரு வரி சொல்ல நான் ஒரு வரி சொல்ல, மழைக்காலம் முடியும்வரை அப்படியே நடந்தது. தப்பாகச் சொன்னால் முகம் சுளிக்க மாட்டார், திரும்பவும் சொல்வார், அவ்வளவுதான். பர்மியப் பெண், புத்த சமயத்தவர், எங்கள் வீட்டுக்கோ தெருவுக்கோ எந்தச் சம்பந்தமும் இல்லாதவர். பர்மியர்களின் தீபத் திருவிழா மாதத்தில் ஆசிரியர்களை வணங்கும் நாளில் நாங்கள் வரிசையாகத் தரையில் விழுந்து கும்பிடும்போது, நான் மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் விழுந்து கிடப்பேன்.

நம் மொழியை நம் மண்டபத்தில் நம் பிள்ளை தடுமாறிச் சொல்கிறது. அந்தச் சயாமாவுக்கு இருந்த குறைந்தபட்ச நாகரிகம் நமக்கு வரவில்லை.

இன்னொரு பள்ளிக்கூடமும் இருந்தது. சனி, ஞாயிறு காலையில் கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு. மேடையில் எல்லோரும் உருகி உருகிப் பேசியது அதைப் பற்றித்தான். வாத்தியாரையா ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவர். சம்பளம் கிடையாது. மாதம் பிறந்தால் யாராவது அரிசி கொடுப்பார்கள், யாராவது எண்ணெய் கொடுப்பார்கள். மூன்று பேருக்கு ஒரு அரிச்சுவடி. நடுவில் உட்காருகிறவனுக்கு நேராகத் தெரியும், பக்கத்தில் இருப்பவளுக்குச் சாய்வாகத் தெரியும், நான் எதிர்ப்பக்கம். தமிழ் எழுத்துகளைத் தலைகீழாகத்தான் முதலில் படித்தேன். இன்றைக்கும் என்னால் எதிரில் இருப்பவர் கையிலுள்ள காகிதத்தைத் தடுமாறாமல் வாசிக்க முடியும், அலுவலகங்களில் மிகவும் உதவுகிறது.

அந்த வகுப்பில் பெரியவர்கள் எங்களிடம் என்ன சொன்னார்கள் என்று மேடையில் இருந்தவர்களுக்கு மறந்துவிட்டதா? "உங்களுக்கெல்லாம் என்ன தமிழ் தெரியும்? தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்த காலத்தில் படித்திருக்க வேண்டும், அதுதான் படிப்பு." 1965-இல் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டது. தமிழ்ப் பள்ளிகளும் போயின, மிச்சம் இருந்தது கோயில் மண்டபம்தான். அவர்களுக்குப் பொற்காலம் 65-க்கு முன்னால். எங்கள் தமிழ் அவர்களுக்கு நகைச்சுவை. ஐயா, நீங்களும் அதே தரையில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் தமிழையும் பார்த்துத்தான் சிரித்தார்கள். இப்போது உங்கள் கைக்கு மைக் வந்துவிட்டது, வேறு என்ன?

பொற்காலம் என்கிறீர்களே, 87 செப்டம்பர் நினைவிருக்கிறதா? நான் அப்போது நாலாம் வகுப்பு. இருபத்தைந்து, முப்பத்தைந்து, எழுபத்தைந்து சாட் (பர்மியப் பணம்) நோட்டுகள் ஒரே நாளில் செல்லாது என்றார்கள். மாற்றித் தரவும் இல்லை. அப்புறம் நாற்பத்தைந்தும் தொண்ணூறுமாகப் புது நோட்டு வந்தது. அப்பா வெற்றிலைக் கடை வைத்திருந்தார். பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தது பெரும்பாலும் எழுபத்தைந்து சாட் நோட்டு. அந்த டின்னை நடு வீட்டில் கவிழ்த்து வைத்துக்கொண்டு அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். அம்மா அழுதது அடுப்படியில். அந்த வருஷம் எனக்குப் புது நோட்டுப் புத்தகம் இல்லை, அக்காவின் பழைய நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் எழுதினேன். தம்பியும் நானும் செல்லாத நோட்டை வைத்துக் கடை விளையாட்டு விளையாடினோம், நிஜ நோட்டு, நிஜமாகவே செல்லாதது. அடுத்த வருஷம் 88, போராட்ட வருஷம். பள்ளிகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. பொற்காலமாம்.

உடனே ஒருவர் வருவார், "அக்கா, விளையாட்டுக்குச் சொன்னதைப் பெரிதாக்காதீர்கள்" என்று. தம்பி, விளையாட்டு என்றால் அந்தப் பிள்ளையும் சிரித்திருக்க வேண்டும். அடுத்தது.

"தப்பாகச் சொன்னால் திருத்தவே கூடாதா?" இது நியாயமான கேள்விதான். திருத்துங்கள். ஒவ்வொரு ஞாயிறும் அங்கே ஒரு இளம்பெண் உட்கார்ந்து திருத்திக்கொண்டுதான் இருக்கிறாள். நாக்கை எங்கே வைக்க வேண்டும், எப்படி மடக்க வேண்டும் என்று வாயைத் திறந்து காட்டிக்காட்டி. ஆனால் அன்று நீங்கள் நடத்திய இரண்டரை மணி நேர நினைவுகூட்டத்தில் அவளுக்கு மேடையில் நாற்காலி இல்லை. காலமான வாத்தியாரையாவின் படத்துக்கு ஆளுயர மாலை, போட்டும் ஆகிவிட்டது, நல்லதுதான். உயிரோடு இருக்கிற வாத்தியார் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"மைக்கைப் பிடுங்கியவர் நன்கொடை கொடுத்தவர், அவரைப் போய் இப்படிச் சொல்லலாமா?" கொடுத்தார். பெஞ்சில் பெயர் எழுதியிருக்கிறது, பிள்ளைகள் அதன்மேல் உட்கார்ந்துதான் படிக்கிறார்கள். நன்றி. பெஞ்சு வாங்கிக் கொடுத்தால் அதில் உட்காருகிற பிள்ளையைக் கேலி செய்யும் உரிமையும் சேர்ந்து வருமா? தவிர, அவருடைய பேரப்பிள்ளைகள் அன்று முன்வரிசையில்தான் இருந்தார்கள். "தாத்தா" என்பதைத் தாண்டி ஒரு தமிழ்ச் சொல் அவர்கள் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. சரி, இது வேண்டாம், தனிப்பட்ட விஷயம்.

"நாங்கள் அடி வாங்கிப் படித்தோம், அதனால்தான் உருப்பட்டோம்" என்பவர்களுக்கு என்ன சொல்வது? உருப்பட்டது இதுதான் என்றால் நான் சொல்ல ஒன்றுமில்லை.

இந்தக் காலத்துப் பிள்ளைக்குக் கொடுப்பினை இல்லை என்றீர்களே, அது ஒன்று மட்டும் உண்மை. ஆனால் நீங்கள் நினைக்கிற அர்த்தத்தில் இல்லை. இன்றைக்குப் பத்து வயதாகிற பிள்ளை 2020-இல் முதல்முதலாகப் பள்ளிக்குப் போயிருக்க வேண்டும். கொரோனா வந்தது, கதவு மூடியது. 2021 பிப்ரவரிக்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும், அதைப் பற்றி நான் இங்கே எழுத மாட்டேன். சில பிள்ளைகளுக்கு முதல் வகுப்பு என்பது அம்மாவின் போன் திரைதான். மின்சாரம் எப்போது வரும் எப்போது போகும் என்று பார்த்து வீட்டுப்பாடம். இதற்கெல்லாம் நடுவில், ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் எழுந்து, தலைவாரி, தமிழ் படிக்க வருகிறது. யாரும் அடித்து அனுப்பவில்லை. இந்த நாட்டில் தமிழ் படித்தால் வேலை கிடைக்குமா? கிடைக்காது. மார்க் வருமா? வராது. ஆனாலும் வருகிறது.

வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதற்காக என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. 64-இல் கடைகளை அரசு எடுத்த பிறகு லட்சக்கணக்கில் கப்பலேறிப் போனார்கள். என் தாய்மாமாவும் போனார். வியாசர்பாடியில் குடிசை போட்டுக்கொண்டார், பட்ட கஷ்டமெல்லாம் கடிதத்தில் எழுதுவார். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் வலி எனக்குத் தெரியும். பிறகு சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போனவர்களையும் சொல்லவில்லை. ஆனால் போனவர்கள் அங்கே உட்கார்ந்துகொண்டு "நம்ம ஊர்த் தமிழ் இப்படிக் கெட்டுப்போச்சே" என்று அழும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. இங்கேயே இருந்தவர்கள்தான் இந்த வகுப்பை அறுபது வருஷமாக இழுத்துக்கொண்டு வருகிறார்கள். அடையாள அட்டை வாங்க அலைந்து, பெயரை மாற்றி வைத்துக்கொண்டு, பிள்ளை பர்மிய மொழியில் கனவு காண்கிற வீட்டில், சோறு போடும்போது ஒரு தமிழ் வார்த்தையைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எங்கள் தமிழ் உங்களுக்குக் கொச்சையாகத் தெரிகிறதா? இருக்கட்டும். இருக்கிறது பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிசு.

எழுத எழுத எங்கெங்கோ போகிறது. போகட்டும், இன்று மனசு அப்படி.

எனக்கு மன்னிப்புக் கடிதமெல்லாம் தேவையில்லை. வகுப்பு ஞாயிறு காலை எட்டு மணிக்கு. புத்தகம் இன்னும் ஆளுக்கொன்று கிடையாது, எங்கள் காலத்து மாதிரியே பகிர்ந்துதான் படிக்கிறார்கள். உங்களுக்குப் பிடித்த பொற்காலம் அப்படியே இருக்கிறது, டிக்கெட் கூட வேண்டாம், வந்து பாருங்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வர வேண்டும், மைக் கிடையாது, நாற்காலி போட ஆள் கிடையாது. முடிந்தால் ஒரு பிள்ளைக்கு எதிரில் உட்காருங்கள். புத்தகம் உங்களுக்குத் தலைகீழாகத்தான் தெரியும், அன்றைக்கு நீங்கள் எப்படி வாசிக்கிறீர்கள் என்று நாங்களும் வீடியோ எடுக்கிறோம்.