தபால்காரர்களாம்!

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆளாளுக்குக் காணொளியை அனுப்பிவிட்டீர்கள். சரி, எழுதிவிடுகிறேன்.

கிரேக்கத் தத்துவம் ஐரோப்பாவுக்குப் போன கதையைப் பேச்சாளர் இப்படிச் சொன்னார்: "கிரேக்கர்கள் யோசித்தார்கள், அரபிகள் பத்திரப்படுத்தினார்கள், யூதர்கள் மொழிபெயர்த்தார்கள், ஐரோப்பா விழித்துக்கொண்டது." கைதட்டல் வேறு. நடுவில் இருந்தவர்கள் எல்லாம் தபால்காரர்களாம்!

ஸ்பெயினின் கோர்தோபாவில் பிறந்து எகிப்தில் வாழ்ந்த, யூதத் தத்துவவாதியும் வைத்தியருமான மைமோனிடிஸ் என்ன செய்தார்? உலகம் அநாதியானது என்ற அரிஸ்டாட்டிலின் வாதத்தை அலசிவிட்டு, இது நிரூபணமாகவில்லை என்றார். நிரூபணமாகியிருந்தால், உலகம் படைக்கப்பட்டது என்ற வேதவாக்கியத்துக்கு வேறு பொருள் சொல்லியிருப்பேன், அதில் கஷ்டமில்லை என்றும் சொன்னார். கடிதத்தைப் பிரித்துப் படித்து, "இந்த இடம் உதைக்கிறதே" என்று ஓரத்தில் எழுதுகிறவர் தபால்காரரா? இதெல்லாம் உள்ள நூலை அவர் எழுதியது அரபு மொழியில், எபிரேய எழுத்தில். முஸ்லிம் தத்துவவாதி அல்ஃபராபியைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியவர்.

"இப்போது போய் யூதர்களுக்கு வக்காலத்தா?" என்று உள்பெட்டியில் ஒருவர். 12-ஆம் நூற்றாண்டு வைத்தியரைப் பற்றிப் பேசுகிறேன், ஐயா. போதுமா? "நேரமில்லாமல் சுருக்கிச் சொல்லியிருப்பார்" என்று இன்னொருவர். ஒன்றேகால் மணி நேரம் பேசினார்! நான் கேள்வி கேட்க எழுந்தபோதுதான் நேரம் இல்லாமல் போனது. என்னைக் காட்டி "அவங்க மொழிபெயர்ப்பாளர்தான்" என்று மைக்கை வாங்கிவிட்டார்கள்.

"தான்." அந்த ஒரு சொல்தான் தூங்கவிடவில்லை.

மைமோனிடிஸின் அந்த நூலை எபிரேயத்துக்குக் கொண்டுவந்த சாமுவேல் இப்ன் திப்போன் நேரில் வந்து சந்தேகம் கேட்க ஆசைப்பட்டார். மைமோனிடிஸ் 1199-இல் பதில் எழுதினார்: வராதே, ஒரு மணி நேரம்கூடத் தனியாகக் கிடைக்காது. கெய்ரோ அரண்மனையிலிருந்து பசியோடு திரும்பினால் வீட்டு முன்கூடம் முழுக்க நோயாளிகள். கையைக் கழுவி, கொஞ்சம் பொறுங்கள் என்று அவர்களிடம் கெஞ்சிவிட்டு இரண்டு வாய் சாப்பிடுகிறேன், ஒரு நாளுக்கு அதுதான் சாப்பாடு. சரி, சந்தேகங்களை? கடிதத்திலேயே தீர்த்துவைத்தார். திப்போன் 1204-இல் முடித்தார். தத்துவத்துக்கு எபிரேயத்தில் சொற்கள் போதவில்லை என்று புதிதாக உண்டாக்கினார், அப்புறம் அவற்றுக்குத் தனி அகராதியே எழுதினார். மொழிபெயர்ப்பாளர்தான்!

ஒரு புத்தகத்தை மொழிபெயர்க்கும்போது ஒரே ஒரு சொல்லுக்காக நான் மூன்று நாள் சோறு தண்ணி மறந்து அலைந்திருக்கிறேன். கிடைத்த அன்று அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. அந்தப் புத்தகத்தை நேற்றிரவு எடுத்துப் பார்த்தேன். அட்டையில் என் பெயர் இல்லை. உள்ளே, விலைக்குக் கீழே, பொடி எழுத்தில் இருக்கிறது. இனிஷியல் தப்பு.