சோதிப்பவருக்குச் சம்பளம் யார் தருகிறார்?

டேட்டா சென்டர் கட்டும்போது வேலையின் தரத்தைச் சோதிக்க ஒப்பந்ததாரரின் தரக்குழுவே போதும், வெளியார் வந்தால் வேலை இழுத்துவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. நான் இதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். கெடு நெருங்கும்போது, வேலையை முடிக்கச் சொல்பவரும் குறை சொல்ல வேண்டியவரும் ஒரே முதலாளியிடம் சம்பளம் வாங்கினால் எந்தக் குரல் அடங்கும் என்று சொல்லவா வேண்டும்?

பஸ்பார், அதாவது மின்சாரத்தைக் கடத்தும் உலோகப் பட்டை, அதன் இணைப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். போல்ட்டை டார்க் ரென்ச்சால் (குறித்த அளவுக்கு இறுக்கும் கருவி) முறுக்கி, முறுக்கியாயிற்று என்பதற்கு அடையாளமாகப் பெயின்ட் கோடு போட்டுவிடுவார்கள். முறுக்காமலே கோடு மட்டும் போட்டிருந்தாலும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். சர்வர்கள் முழுச்சுமையில் ஓடும்போதுதான் தளர்ந்த இணைப்பு சூடேறும். அதனால்தான் லோடு பேங்க் (சர்வர்களுக்குப் பதிலாக மின்சுமை தரும் கருவி) வைத்து முழுச்சுமை ஏற்றி, சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமராவில் பார்க்க வேண்டும். மெயின் மின்சாரத்தைத் துண்டித்து, யுபிஎஸ் தாங்குகிறதா, ஜெனரேட்டர் சுமையை ஏற்கிறதா என்று சோதிப்பதும் அப்போதுதான். கால அட்டவணை பிந்தினால் முதலில் வெட்டப்படுவதும் இந்தக் கடைசிக் கட்டச் சோதனைதான், அதுதான் எனக்கு ஆத்திரம்.

குளிரூட்டலிலும் இதே கதைதான். குளிர்நீர்க் குழாய்களைச் சரியாகக் கழுவாமல் விட்டால் வெல்டிங் துகள் வடிகட்டிகளை அடைக்கும். சிப்புகளுக்கு அருகிலேயே திரவத்தை ஓடவிடும் திரவக் குளிரூட்டலில், அது ஓடும் நுண்ணிய கால்வாய்களே அடைபடும்.

டேட்டா சென்டர்களுக்குச் சான்று தரும் அமைப்பான அப்டைம் இன்ஸ்டிடியூட், வடிவமைப்புக்கும் கட்டி முடித்த கட்டடத்துக்கும் தனித்தனிச் சான்றிதழ் தருகிறது. வரைபடத்தில் இருப்பது தளத்தில் இருந்தே தீரும் என்றால் இரண்டாவது எதற்கு?

வேலையைச் சோதிக்கும் வெளிக் கண்காணிப்பாளரை டேட்டா சென்டரின் உரிமையாளர் நேரடியாக நியமிக்கட்டும், அதுவும் அஸ்திவாரக் கட்டத்திலேயே. கான்கிரீட் மூடிய பிறகு வந்து அவர் எதைப் பார்ப்பார்?