லெவல் 1ன்னா அவ்வளவு கேவலமா?

டைஸ் உருட்டி, ஆளுக்கொரு கேரக்டரா சேர்ந்து கதை விளையாடுற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் குரூப்ல இருக்கிறவங்களுக்கு எதைப் பத்திப் பேசுறேன்னு தெரியும். ஸ்க்ரீன்ஷாட் சுத்துன வேகத்துக்கு, இல்லாதவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். "அண்ணே, லெவல் 1ல கோபிளினைத் துரத்திக்கிட்டு இருக்க எனக்கு நேரமில்ல, 12ல ஆரம்பிக்கிற டேபிள் இருந்தா சொல்லுங்க"ன்னு ஒரு தம்பி போட்டுட்டு என் டேபிள்லேருந்து, அதாவது நான் நடத்துற ஆட்டத்துலேருந்து, கிளம்பிட்டாரு. (லெவல் 1ன்னா கேரக்டரோட ஆரம்பப் படி, கோபிளின்னா சில்லறை அரக்கன்.) சரி, அவர் விருப்பம். அதுக்குக் கீழ வந்த கமெண்ட்தான் தொண்டையில நிக்குது: "லோ லெவல்லயே ஓட்டுற டிஎம் எல்லாம் பவரைப் பாத்துப் பயப்படுறவங்க." டிஎம்னா ஆட்டத்தை நடத்துறவன், அதாவது நான்.

பயமாம்.

நேரடியாவே சொல்லிடறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ல எனக்குப் பிடிச்ச இடம் 1லேருந்து 5 வரைக்கும். நல்லா இழுத்தா 7. அதுக்கு மேலயும் ஓட்டியிருக்கேன். ஆனா விளையாட்டு இருக்கிறது கீழதான். கையில ஒண்ணும் இல்லாதப்பதான் ஆளுங்க யோசிக்கிறாங்க.

கணக்குப் பாருங்க. 2014 விதிப்படி ஒரு லெவல் 1 விசார்டு (மந்திரவாதி), கான்ஸ்டிட்யூஷன் (உடம்பு வலு) 14ன்னு வச்சுக்கோங்க, 8 ஹிட் பாயிண்ட், அதான் உயிர். கோபிளின் அம்பு ஒரு 6 பக்க டைஸ், கூட 2. கிரிட்டிகல் அடி இல்லாமயே 8 வரைக்கும் போகும். ஒரே அம்பு, ஆள் தரையில. இது தெரிஞ்ச விசார்டு மரத்துக்குப் பின்னாடி நிப்பான். ஃபைட்டரை முன்னாடி தள்ளுவான். குகைக்குள்ள டார்ச் கொளுத்தலாமா வேணாமான்னு கால் மணி நேரம் சண்டை போடுவான். அந்தச் சண்டைக்காகத்தாங்க நான் டேபிள் போடுறேன்.

போன கேம்பெய்ன்ல (தொடர் கதையில) ஒரு பாலம் வந்துச்சு. அந்தப் பக்கம் 3 கோபிளின். எங்க விசார்டுகிட்ட மிச்சம் ஒரே ஸ்லாட் (மந்திரம் போடுற வாய்ப்பு), தூங்க வைக்கிற ஸ்லீப் போட்டாரு. 8 பக்க டைஸ் அஞ்சு. கோபிளினுக்குத் தலா 7 பாயிண்ட், மூணையும் சாய்க்க 21 வேணும். விழுது: 8, 5, 4, 2. கடைசி டைஸ் டீ கிளாஸ்ல முட்டித் திரும்பி 1ல நிக்குது. மொத்தம் 20! ரெண்டு கோபிளின் படுத்துடுச்சு, மூணாவது முழிச்சுக்கிட்டு நிக்குது. அது அம்பு விடலாம், இல்ல பக்கத்துல கிடக்கிறதை உலுக்கி எழுப்பலாம். ரோக் (திருடன்) விளையாடுறவர் நாற்காலியை விட்டே எழுந்துட்டாரு. கிளெரிக்கா, அதாவது பூசாரியா, விளையாடுற பொண்ணுக்கு மந்திரமெல்லாம் தீந்துபோச்சு. அந்தப் பொண்ணு கேரக்டர் ஷீட்டை மேலேருந்து கீழ வரைக்கும் பாத்துட்டு, "ரேஷன் இருக்கு. ஆயுதத்தைக் கீழ வச்சுட்டு சாப்பாட்டை நீட்டுறேன்"னாங்க. அந்தக் கோபிளினுக்கு நான் பேர்கூட யோசிக்கல. அன்னைக்கு வைக்க வேண்டியதாப் போச்சு. கடைசி வரைக்கும் பார்ட்டியோடவே (எங்க குழுவோடவே) வந்துச்சு, பாதி நேரம் திருடிக்கிட்டு.

இதே பாலம், லெவல் 12. ஃபயர்பால்னு ஒரு நெருப்பு மந்திரம். 6 பக்க டைஸ் எட்டு, சராசரி 28. சேவ் பண்ணி (தப்பிக்கிற டைஸ் போட்டு) பாதி வாங்குனாலும் 14. முடிஞ்சுது. பறக்க வைக்கிற ஃப்ளை இருந்தா பாலமே வேணாம். 13ல டெலிபோர்ட் வந்துட்டா காடும் வேணாம், ஆறும் வேணாம், நான் வரைஞ்ச மேப்பை மடிச்சு உள்ள வச்சுக்கலாம். செத்தாக்கூட 500 கோல்டுக்கு வைரம் இருந்தா ரெய்ஸ் டெட் போட்டு எழுப்பிடலாம். கேரம்ல எல்லாக் காயையும் பாக்கெட் வாயில வச்சுக் குடுத்துட்டு அடின்னா, அடிக்கலாம். எவ்வளவு நேரம்?

"ஹை லெவலுக்கு ஏத்த மான்ஸ்டர் வைக்கத் தெரியாத டிஎம்மோட புலம்பல்"னு வருவீங்க. ஏன்ஷியன்ட் ரெட் டிராகன், 546 பாயிண்ட், வச்சேன். ஒருத்தர் டைஸைக் கூட்டிக்கிட்டிருக்க மத்தவங்க ரீல்ஸ் பாத்தாங்க. பிரம்மாண்டம்தான் போங்க.

"சப்கிளாஸே 3லதானே வருது?" நியாயமான கேள்வி. (சப்கிளாஸ்னா விசார்டு, ஃபைட்டர் மாதிரி ஒரு கிளாஸுக்குள்ள எடுக்கிற தனிப் பிரிவு.) 2024 விதிகள்ல எல்லா கிளாஸுக்கும் அப்படித்தான். ஆனா 3க்கு 900 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) போதும். சில வாரம் உக்காந்தா வந்துடும். அதுக்கும் பொறுமை இல்லன்னா நான் என்ன பண்ண.

"1991லயே டார்க் சன்ல 3லதான் ஆரம்பிச்சாங்க"ன்னு ஒருத்தர் இன்பாக்ஸ்ல பாடம் எடுத்தாரு. ஆமாங்க, அந்த டார்க் சன் பாலைவன உலகத்துல 1ல போனா பொழைக்க மாட்டான்னுதான். 3ல போனாலும் தண்ணியில்லாமச் சாவான். நீங்க எனக்குத்தான் பாயிண்ட் எடுத்துக் குடுக்குறீங்க.

சாவுதான் பிரச்சினைன்னா, இப்ப இருக்கிற லெவல் 1ஏ சொகுசு. 1981 பேசிக் விதிகள்ல மேஜிக் யூசருக்கு (அப்போதைய விசார்டு) ஒரு 4 பக்க டைஸ்தான் உயிர். ஒரு நாளைக்கு ஒரே மந்திரம். 0 வந்தா செத்தான். இப்ப 0 வந்தாலும் மூணு டெத் சேவ் (சாவைத் தடுக்கிற டைஸ்) தோக்கணும்.

"வாரம் பூரா ஆபீஸ்ல திட்டு வாங்குறோம், ஞாயித்துக்கிழமையாவது ஹீரோவா இருக்கக் கூடாதா?" இதுக்கு என்கிட்ட முழுப் பதில் இல்ல. எனக்கும் ஆபீஸ் இருக்கு. ஆனா நாலு பக்கம் பேக்ஸ்டோரி எழுதிக்கிட்டு வர்றீங்களே, டிராகனைக் கொன்னேன், ராஜாவைக் காப்பாத்துனேன்னு, அப்ப நாங்க யாரும் கூட இல்லையே. அந்தக் கதையைத்தானப்பா சேர்ந்து விளையாடணும்னு கூப்பிட்டேன்?

பயப்படுறேனாம். சனிக்கிழமை ராத்திரி பிள்ளைங்க தூங்குன பிறகு உக்காந்து ஒவ்வொரு கேரக்டருக்கும் ஊர்ல ஒரு சொந்தக்காரன், ஒரு கடன்காரன்னு எழுதி வைக்கிறேன். கிளம்புன தம்பியோட கேரக்டர், ஒரு பாலடின் (சாமி வீரன்), அவனுக்கு ஒரு அத்தைகூட இருந்தாங்க. சத்திரம் நடத்துறவங்க, அவன் அப்பனைப் பத்தி ஒரு ரகசியம் தெரிஞ்சவங்க. லெவல் 2 வரும்போது சொல்லலாம்னு வச்சிருந்தேன். "நேரமில்ல"ன்னுட்டாரு. எனக்கு மட்டும் நேரம் கொட்டிக் கிடக்குது பாருங்க. போறவர் ஒரு வார்த்தை என்கிட்ட போன்ல சொல்லியிருக்கலாம், குரூப்ல போட்டு ஊர் சிரிக்க வச்சிருக்க வேணாம். அவ்வளவுதான் என் வருத்தம்.

12ல ஓட்டுறவங்க தாராளமா ஓட்டுங்க, யார் தடுத்தா. என் டேபிள் 1லதான் ஆரம்பிக்கும். கமெண்ட்ல "டேக் இட் ஈசி ப்ரோ"ன்னு போட வர்றவங்க, முதல்ல உங்க பன்னெண்டாம் லெவல் ஷீட்டை எடுத்து அதுல கயிறு இருக்கா, எத்தனை அடின்னு பாத்துட்டு வாங்க.