நெளிய வைக்கிற பக்கம் உள்ள புத்தகமாகப் பார்த்து வாங்குங்கள்

பெண் பிள்ளைக்குப் பருவ வயதைப் பற்றிப் புரிய வைக்க ஒரு புத்தகம் வாங்க வேண்டும், எதை வாங்கலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். கடையில் நின்றபடியே புரட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் வந்ததும் "ஐயோ, இதையெல்லாமா போட்டிருக்கிறார்கள்" என்று சுற்றும் முற்றும் பார்க்கிறீர்களோ, அந்தப் பக்கம் இருக்கிற புத்தகத்தை வாங்குங்கள். அப்படி ஒரு பக்கமும் இல்லை, அட்டை முதல் அட்டை வரை ரோஸ் கலரில் பூவும் பட்டாம்பூச்சியுமாக இருக்கிறது என்றால் அலமாரியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அது அம்மாக்களின் நிம்மதிக்காக எழுதப்பட்டது.

இப்போது இதை எழுதக் காரணம் என் நாத்தனார் மகள். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. ஹெச்பிவி தடுப்பூசிக்குப் பெற்றோர் கையெழுத்துக் கேட்டுப் பள்ளியிலிருந்து தாள் வந்தது. இந்த நாட்டில் 2014 முதல் அரசுப் பள்ளிகளில் ஒன்பது வயது ஆன பெண் பிள்ளைகளுக்கு இந்த ஊசியை இலவசமாகப் போடுகிறார்கள். சர்விக்ஸ் என்கிற கருப்பை வாயில் புற்றுநோய் வராமல் தடுக்கிற ஊசி. யோசிக்காமல் கையெழுத்துப் போடலாம், போட்டார்கள். ஆனால் தாளைப் படித்த பிள்ளை சும்மா இருக்குமா? "சர்விக்ஸ்னா என்ன மம்மி, எனக்கும் இருக்கா?" என்று கேட்டிருக்கிறாள். நாத்தனார் "அப்புறம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு உடனே எனக்குப் போன். "அண்ணி, நல்ல புத்தகமா ஒண்ணு சொல்லுங்க. என் வாயால இதெல்லாம் வராது."

அம்மா சொல்ல வேண்டியதைப் புத்தகத்தின் தலையில் கட்டுவதா என்று மாமியார் வீட்டில் ஒரு பேச்சு வந்தது. சொல்லத் தெரிந்த அம்மா இருந்தால் நல்லதுதான். ஆனால் வாயால் சொல்லும்போது பிள்ளை நம் சொல்லைவிட நம் முகத்தைத்தான் கவனிக்கும். குரலைத் தாழ்த்தினால், இது வெளியே பேசக் கூடாத விஷயம் என்று எடுத்துக்கொள்ளும். அவசரமாக முடித்தால், இதில் கேள்வி கேட்கக் கூடாது போல என்று நினைத்துக்கொள்ளும். புத்தகம் அப்படி இல்லை. ராத்திரி போர்வைக்குள் வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை மூன்று தடவை படித்தாலும் "அதையே ஏன் பார்க்கிறாய்" என்று கேட்காது.

நம் ஆட்களிடம் எனக்குப் புரியாத ஒன்று இருக்கிறது. பெண் வயசுக்கு வந்தால் பந்தல் போட்டு, தாய்மாமன் சீர் வைத்து, ஊரைக் கூட்டிச் சொல்கிறோம். இங்கே சாட்ஸ்வொர்த், டோங்காட் பக்கம் மஞ்சள் நீராட்டை விடாமல் செய்கிற குடும்பங்களை எனக்கே தெரியும். 1860இல் நம் முன்னோர் ட்ரூரோ கப்பலில் இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய காலத்திலிருந்து என்னென்னவோ விட்டுப் போயிருக்கிறது, இது மட்டும் சிலரிடம் தங்கிவிட்டது. எல்லாருக்கும் தெரிந்துவிடும். யாருக்கு நடந்ததோ அவளிடம் மட்டும், என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று ஒருவரும் உட்கார்ந்து சொல்ல மாட்டார்கள். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உளுந்தங்களியும் கொடுப்பதோடு சரி. (களி எனக்குப் பிடிக்கும், அதில் சண்டை இல்லை. பச்சை முட்டையை வேக வைத்தே கொடுங்கள்.) பக்கத்தில் இந்த மண்ணின் மக்களான ஜூலுக்களின் வீடுகளில், பெண் பெரியவளானதைக் கொண்டாடுகிற உமெமுலோ என்று ஒரு சடங்கு உண்டு. பெரும்பாலும் 21 வயதை ஒட்டி நடக்கும். பெண் கையில் ஈட்டியோடு நடுவில் நின்று ஆடுவாள், வந்தவர்கள் அவள் தலையில் பண நோட்டாகக் குத்திவிடுவார்கள், இந்த ஊர் ராண்ட் நோட்டு. அந்த வயதில் இந்த விழா எதற்கு என்று அவளுக்கே நன்றாகத் தெரியும். நம் பிள்ளைக்கு 11 வயதில் பட்டுப் புடவையும் மாலையும் போட்டு உட்கார வைத்தால், தன்னை ஏன் எல்லாரும் பார்க்கிறார்கள் என்றே புரியாது.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். முதலில் எப்போது வாங்குவது. வயசுக்கு வந்த பிறகு வாங்கினால் பாதிப் பிரயோஜனம் போயிற்று. பெண் பிள்ளைகளுக்கு உடம்பில் மாற்றம் 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் தொடங்கும். பெரும்பாலும் முதலில் தெரிவது மார்பில் சின்னக் கட்டி மாதிரி ஒரு தடிப்பு. பல பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் மட்டும் முதலில் வரும், தொட்டால் வலிக்கும். இதைப் பார்த்துவிட்டு என்னவோ ஏதோ என்று பிள்ளையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடிய அம்மாக்கள் உண்டு. அதற்கப்புறம் ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வருஷத்தில் முதல் மாதவிடாய் வரும். பள்ளியில் சொல்லித்தருவார்களே என்று இருந்துவிடாதீர்கள். லைஃப் ஓரியன்டேஷன் என்று இங்கே பள்ளியில் நடத்துகிற வாழ்க்கைக் கல்விப் பாடத்தில் பருவ மாற்றங்கள் ஏழாம் வகுப்பில்தான் வருகிறது. அப்போது வயது 12, 13. வகுப்பில் பல பேருக்கு அதற்கு முன்பே எல்லாம் முடிந்திருக்கும். எட்டரை, ஒன்பது வயதில் புத்தகம் வீட்டில் இருக்க வேண்டும்.

இனி நெளிய வைக்கிற பக்கம். உடல் உறுப்புப் படம் இருக்கிறதா பாருங்கள். வயிற்றுக்குள் இருக்கிற கருப்பை, சூலகம் படம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும், அது யாரையும் ஒன்றும் செய்யாது. வெளியே தெரிகிற பகுதியைப் பெயரோடு வரைந்திருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. சிறுநீர் வருகிற துவாரம் வேறு, ரத்தம் வருகிற வழி வேறு, மலத்துவாரம் வேறு என்று மூன்றையும் தனித்தனியாகக் காட்டியிருக்க வேண்டும். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பெண்களிலேயே முதல் இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பேட் கட்டினால் ஒன்றுக்குப் போக முடியாதோ என்று பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிற பிள்ளைக்கு இந்த ஒரு படம் போதும்.

அடுத்து ரத்தம். எவ்வளவு போகும் என்று அளவு போட்டிருக்கிறதா? பிள்ளைகள் மனதில் இருக்கிற பெரிய பயம் அதுதான், உடம்பில் இருக்கிறதெல்லாம் போய்விடும் என்று. உண்மையில் ஒரு மாதவிடாய் முழுக்கச் சேர்த்து வழக்கமாக 30, 40 மில்லிதான், இரண்டு மூன்று மேசைக்கரண்டி. துணியில் பரவுவதால் நிறையத் தெரிகிறது. இரண்டு நாளிலிருந்து ஏழு நாள் வரை இருக்கலாம். அப்புறம், மாதாமாதம் 28 நாளுக்கு ஒரு தடவை டாண் என்று வரும் என்று காலண்டர் போட்டுக் காட்டுகிற புத்தகத்தை நம்பாதீர்கள். முதல் இரண்டு வருஷம் 21 நாளிலும் வரும், 45 நாளிலும் வரும். இது எழுதியிருந்தால் பிள்ளையும் பதறாது, அம்மாவும் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓட மாட்டாள்.

வெள்ளைப்படுதலைப் பற்றி ஒரு பத்தியாவது வேண்டும். முதல் மாதவிடாய்க்குச் சில மாதங்கள் முன்பே அது தொடங்கிவிடும். உள்ளாடையில் பார்த்த பிள்ளை தனக்கு ஏதோ வியாதி என்று மறைக்கும். போய்ச் சொன்னாலும் நம் வீட்டுப் பெரியவர்கள் "எலும்பு உருகிப் போகுது, உடம்பு இளைச்சிரும்" என்பார்கள். எலும்பும் உருகாது, ஒன்றும் உருகாது. அரிப்பு, நாற்றம், நிறம் மாறினால்தான் டாக்டர். அதே மாதிரி, வலியைப் பொறுத்துக்கொள், பெண்ணாய்ப் பிறந்தால் அப்படித்தான் என்கிற தொனி எந்தப் பக்கத்தில் இருந்தாலும் அந்தப் புத்தகம் வேண்டாம். பள்ளிக்குப் போக முடியாத அளவு வலி, ஒரு மணி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைவது, ஏழு நாளைத் தாண்டி நீள்வது, 8 வயதுக்கு முன்பே மாற்றங்கள் தொடங்குவது, 15 வயதாகியும் மாதவிடாய் வராமல் இருப்பது, இதெல்லாம் டாக்டரைப் பார்க்க வேண்டியவை என்று நல்ல புத்தகத்தில் ஒரே இடத்தில் இருக்கும்.

இங்கே கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலானவை அமெரிக்கா, பிரிட்டனிலிருந்து வருபவை. விஷயம் சரியாகவே இருக்கும். படத்தில் இருக்கிற பிள்ளைகள்தான் நம் பிள்ளைகள் இல்லை. இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது, பல நிறத்திலும் வரைகிறார்கள். ஆனால் நிறத்தோடு முடியவில்லை. நம் பெண்களுக்குப் பத்து வயதில் வருகிற முதல் கவலை மேலுதட்டு முடி, கை முடி, முதுகு முடி. வகுப்பில் எவளாவது மீசை என்று சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு ராத்திரி சோறு இறங்காது. பல புத்தகங்களில் முடிக்கு ஒரே ஒரு வரி, அதுவும் கால், அக்குள் பற்றி. புரட்டும்போது இதைத் தேடிப் பாருங்கள்.

இன்னொன்று, எந்தப் புத்தகத்திலும் சரியாக எழுதி நான் பார்க்காதது: கழுத்துக் கருப்பு. பின்கழுத்தில் அழுக்குப் படிந்த மாதிரி கருத்து, தோல் தடித்து, வெல்வெட் மாதிரி இருக்கும். பருவ வயதில் பல பிள்ளைகளுக்குத் தெரிய ஆரம்பிக்கும். கடலை மாவும் எலுமிச்சையும் போட்டுத் தேய்க்கிறார்கள். "குளிக்கிறப்ப கழுத்தைத் தேய்க்க மாட்டியா" என்று திட்டு வேறு. அது அழுக்கு இல்லை, தேய்த்துப் போகாது. உடம்பு இன்சுலினைச் சரியாகப் பயன்படுத்தாததன் அடையாளமாக இருக்கலாம், எடை கூடியிருந்தால் இன்னும் அதிகமாகத் தெரியும். டர்பனில் நம் வீடுகளில் சர்க்கரை வியாதி இல்லாத வீடு எது? அதனால் தோல் டாக்டரை விட்டுவிட்டு முதலில் சர்க்கரை பாருங்கள் என்று நாத்தனாரிடம் சொன்னேன். பருவ வயதுப் புத்தகத்தில் இதற்கு இடம் உண்டா என்றால், எங்கள் பிள்ளைகளுக்காக யாராவது எழுதினால் முதல் அத்தியாயத்திலேயே வைக்கலாம்.

புத்தகம் தமிழில்தான் இருக்க வேண்டும் என்று அடம் பிடிக்க வேண்டாம். சனிக்கிழமை வகுப்பில் நான் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருகிறவள், நானே சொல்கிறேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிற மொழியில் பயத்தைத் தீர்த்துக்கொள்ள முடியாது. அவளுக்கு எது தடையில்லாமல் ஓடுமோ அந்த மொழியில் வாங்குங்கள். இங்கே அது இங்கிலீஷ்.

"இதையெல்லாம் சொன்னால் பிள்ளை கெட்டுப்போய்விடும்" என்பவர்களுக்கு நீளமாகப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. 2019இல் பாலியல் கல்விப் பாடத்திட்டத்தை வைத்து இந்த நாட்டில் பெற்றோர்கள் போட்ட சத்தம் நினைவிருக்கும். யுனெஸ்கோ 2018இல் வெளியிட்ட வழிகாட்டியில், இத்தகைய கல்வி பிள்ளைகளைச் சீக்கிரம் உடலுறவில் தள்ளுவதில்லை என்று ஆய்வுகளைத் தொகுத்தே சொல்லியிருக்கிறார்கள். யார் தொடலாம், யார் தொடக் கூடாது, தொட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்கிற பக்கம் கட்டாயம் இருக்கட்டும். அது சொந்தக்காரர்களையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும், தெருவில் போகிற அந்நியனை மட்டும் காட்டிப் பயமுறுத்தினால் போதாது.

கோவில் விஷயத்தை எந்தப் புத்தகமும் தீர்த்து வைக்காது. மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றுகிற நாளில் பிள்ளைக்கு நாள் வந்தால் போகலாமா கூடாதா என்பது அந்தந்த வீட்டுப் பஞ்சாயத்து. போகலாம் என்பது என் கட்சி. போகக் கூடாது என்கிற வீடாக இருந்தாலும், இது நம் வழக்கம், உன் உடம்பில் எந்த அழுக்கும் இல்லை என்று பிரித்துச் சொல்லுங்கள். இரண்டையும் குழப்பித் தீட்டு என்று அச்சடித்திருக்கிற பக்திப் பிரசுரங்களைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள்.

வாயால் சொல்ல வராது என்ற நாத்தனாருக்கு நான் சொன்ன வழி இது. முதலில் நீ முழுக்கப் படி. படிக்கும்போது ஓரத்தில் பென்சிலால் உன் வீட்டு விஷயத்தை எழுது. பேட் எந்த அலமாரியில் இருக்கிறது, பள்ளிப் பையின் சின்ன ஜிப்புக்குள் ஒரு உறையில் என்ன வைத்திருக்கிறாய், நாலு ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும், எப்படிச் சுற்றி எங்கே போட வேண்டும், வகுப்பில் வந்துவிட்டால் எந்த டீச்சரிடம் கேட்கலாம், அம்மா போன் எடுக்கவில்லை என்றால் மாமிக்குக் கூப்பிடு. அவள் எழுதியிருக்கிறாள். சர்விக்ஸ் படத்துக்குப் பக்கத்தில் "ஆமாம், உனக்கும் இருக்கிறது" என்று இங்கிலீஷில் எழுதி ஒரு சிரித்த முகமும் போட்டிருக்கிறாள்.

நூலகத்தில் எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்டார்கள். பல புத்தகங்களை எடுத்துப் பார்த்து எது சரி என்று முடிவு பண்ண நூலகம் நல்லது. ஆனால் பிள்ளைக்குச் சொந்தமாக ஒன்று வேண்டும். 9 வயதில் படம் மட்டும் பார்ப்பாள், 11இல் பருவைப் பற்றிப் படிப்பாள், 13இல் வேறு ஒரு பக்கத்தைத் தேடுவாள். இரண்டு வாரத்தில் திருப்பிக் கொடுக்கிற புத்தகம் இதற்கு ஆகாது. விலைதான் கடுப்பு. 2019 ஏப்ரல் 1 முதல் இந்த நாட்டில் பேடுக்கு வாட் வரி இல்லை, நல்ல காரியம். அந்தப் பேட் எதற்கு என்று சொல்லித்தருகிற புத்தகத்துக்கு இன்னும் 15 சதவீதம் கட்டுகிறோம்.

வீட்டில் அண்ணனோ தம்பியோ இருந்தால் புத்தகத்தை ஒளித்து வைக்காதீர்கள். எடுத்துப் படித்தால் படிக்கட்டும். ஏழாம் வகுப்பில் அவனுக்கும் இதே பாடம்தான்.