பெட்டியில் போட்டிருக்கும் கிலோவை நம்பி ரீல் வாங்காதீர்கள்

நம் தூண்டில் குழுவில் அடிக்கடி வரும் கேள்வி: "அண்ணே, கடலுக்கு ஸ்பின்னிங் ரீல் வாங்கணும். மேக்ஸ் டிராக் இருபது கிலோ இருக்கிற மாதிரி ஒண்ணு சொல்லுங்க." மீன் இழுக்கும்போது தூண்டில் நரம்பை இறுக்கிப் பிடித்து விட்டுக்கொடுக்கும் பிரேக்தான் டிராக்; அதன் உச்ச பலம்தான் மேக்ஸ் டிராக். கேட்பவர் பெரும்பாலும் பினாங்கின் பத்து மாவுங்கில் போட் ஏறி பூலாவ் கெண்டி, பூலாவ் ரீமாவ் தீவுகள் பக்கம் போய் வருகிறவர். இல்லையென்றால் பாலத்துத் தூண் ஓரம் உயிர் இறால் போட்டு சியாக்காப் (கொடுவா) மீனுக்கும் ஜெனஹாக் மீனுக்கும் காத்திருப்பவர். இவருக்கு இருபது கிலோ எதற்கு என்று கேட்டால், "இருந்துட்டுப் போகட்டுமே, பெரிய மீன் அடிச்சா?" என்பார்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். பினாங்குத் தண்ணீருக்கு ரீல் வாங்கும் நம்மவர்களில் நிறைய பேர் தேவைக்கு மேல் பெரியதை, பார்க்கக் கூடாத எண்ணைப் பார்த்து வாங்குகிறார்கள். மேக்ஸ் டிராக், பேரிங் எண்ணிக்கை இரண்டையும் கடைசியில் பார்த்தால் போதும். டிராக் எவ்வளவு வழுக்கிக்கொண்டு கிளம்புகிறது, உப்புத் தண்ணீர் எந்தெந்த வழியாக உள்ளே போகும், நாளைக்குக் கெட்டுப்போனால் உதிரிப் பாகம் கிடைக்குமா, இவைதான் முதல் கேள்விகள்.

கணக்கைப் பார்ப்போம். டிராக்கை எவ்வளவு இறுக்குவது என்பதை ரீல் முடிவு செய்வதில்லை, நரம்பு முடிவு செய்கிறது. நரம்பு அறுபடும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறுக்காதே என்பது பழைய விதி. நம் பக்கம் போட்டில் பலர் கட்டுவது பி.இ. 3 பிரெய்டு (பின்னல் நரம்பு; பி.இ. என்பது அதன் தடிமன் எண்). கம்பெனிக்குக் கம்பெனி மாறினாலும் அது சுமார் 40 முதல் 50 பவுண்டு, அதாவது 20 கிலோவை ஒட்டி. மூன்றில் ஒரு பங்கு என்றால் ஆறு, ஏழு கிலோ. அவ்வளவுதான். டைவா பிஜி 5000 மாதிரி நடுத்தர விலை ரீலே 10 கிலோ பிடிக்கும். மீதி மூன்று கிலோவே உங்களுக்குச் செலவாகப் போவதில்லை.

ஏழு கிலோ குறைச்சல் என்று நினைப்பவர்கள் வீட்டில் ஒரு வாளியில் ஏழு லிட்டர் தண்ணீர் ஊற்றி, நரம்பை அதில் கட்டி, ராடைத் தாழ்வாகப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். தூக்கியபடி இரண்டு நிமிடம் நில்லுங்கள். அப்புறம் ஆடுகிற போட்டில் நின்று இருபது கிலோவோடு மல்லுக்கட்டுவது பற்றிப் பேசலாம்.

இருபது கிலோ தேவைப்படும் இடம் இல்லாமல் இல்லை. பூலாவ் பேராக், பூலாவ் ஜாராக் பக்கம் பெரிய பாரை மீனுக்கு, அதாவது எல்லோரும் ஜிடி என்று சொல்லும் அந்த முரட்டு மீனுக்கு, பாப்பர் (தண்ணீர் மேலே இழுக்கும் போலி இரை) எறிகிறவர்கள் பி.இ. 8 கட்டுகிறார்கள். கடித்ததும் பாறைக்குள் ஓடிவிடும்; முதல் ஓட்டத்திலேயே நிறுத்தியாக வேண்டும். அங்கே 14000, 18000, 20000 அளவு ரீல் வேண்டும், அதற்கேற்ற முதுகும் வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை அங்கே போகிற ஆசைக்காக மற்ற நாளெல்லாம் அந்தப் பாரத்தைக் கையில் சுமப்பது வீண். பிஜி 5000 அறுநூறு கிராமை ஒட்டி, 8000 எண்ணூறைத் தாண்டும். காலையிலிருந்து மதியம் வரை எறிந்து சுற்றுகிறவருக்கு அந்த இருநூறு கிராம் மணிக்கட்டில் தெரியும்.

சரி, டிராக்குக்கு வருவோம். மீன் ஓட ஆரம்பிக்கும் அந்த முதல் நொடியில்தான் பாதி மீன் தப்பிக்கிறது. நின்றுகொண்டிருக்கும் ஸ்பூல், அதாவது நரம்பு சுற்றிய உருளை, சுழல ஆரம்பிக்க ஒரு பலம் வேண்டும். சுழன்றபின் அதைவிடக் குறைவான பலம் போதும். நல்ல ரீலில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். மட்டமான ரீலில் டிராக் ஒட்டிக்கொண்டு நிற்கும், பிறகு ஒரு குதி குதித்து விடும். அந்தக் குதியில் லீடர் (கொக்கிப் பக்கம் கட்டும் முன் நரம்பு) முடிச்சு போகும், அல்லது சியாக்காப்பின் வாயில் கொக்கி பிய்த்துக்கொண்டு வரும். மீன் பெரிதென்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம். மீன் சாதாரண மீன்தான், டிராக்தான் மோசம்.

கடையிலேயே சோதிக்கலாம். நான் பையில் ஒரு டிஜிட்டல் தூக்குத் தராசு வைத்திருப்பேன், பெட்டியைத் தூக்கிப் பார்க்க விமான நிலையத்துக்குக் கொண்டுபோவார்களே, அதே தராசு. ஸ்பூலில் நரம்பு இருந்தால் நுனியைத் தராசுக் கொக்கியில் கட்டி, டிராக்கை மூன்று கிலோ வாக்கில் வைத்து, மெதுவாக நேராக இழுங்கள். முதல் அசைவில் காட்டும் எண்ணையும் ஓட ஆரம்பித்தபின் காட்டும் எண்ணையும் பாருங்கள். 3.3 காட்டி 3.0-இல் நிலையாக நின்றால் வாங்கலாம். 4.5-க்கு ஏறி, சட்டென்று 2.5-க்கு விழுந்து, மறுபடி 3.8 என்று ஆடினால் பெட்டியில் எத்தனை கிலோ போட்டிருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை, காசு நம்முடையது. குமிழியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பும்போது எண்ணும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும் என்பதையும் பாருங்கள். சில ரீலில் அரைச் சுற்றுக்குள் ஒன்றுமில்லாததிலிருந்து பூட்டுப் போட்டதுபோல் ஆகிவிடும்.

பேரிங் எண்ணிக்கை சுத்த வியாபாரம். எண்பது வெள்ளி (ரிங்கிட்) ரீலில் "12+1" என்று பொன் எழுத்தில் அடித்திருப்பார்கள். நல்ல உறை போட்ட ஆறு பேரிங், துருப்பிடிக்கிற பன்னிரண்டைவிட மேல். அதிலும் ஒரே ஒரு பேரிங்தான் என் கண்ணில் முக்கியமானது: நரம்பு ஓடும் லைன் ரோலருக்குள் இருப்பது. உப்புத் தண்ணீரில் ஊறின பிரெய்டு நேராக அதன் மேல்தான் ஓடுகிறது. ரீலின் உடம்பு எவ்வளவு மூடி இருந்தாலும் அது வெளியேதான் நிற்கிறது. அதனால்தான் முதலில் சாவதும் அதுதான். நாலு மாதம் கழுவாமல் ஓட்டின ரீலைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், "சத்தம் வருதுண்ணே" என்று. சின்ன ஸ்குரூவைக் கழற்றி ரோலரை எடுத்தால், கிரீஸ் இருந்த இடத்தில் காப்பித்தூள் நிறத்தில் ஒரு பசை. ஓரத்தில் வெள்ளையாக உப்பு. பேரிங்கை விரல் நுனியில் வைத்துச் சுண்டினால் அரைச் சுற்றுச் சுற்றி நறநறவென்று நின்றுவிடும். ரோலர் சுற்றாவிட்டால் நரம்பு அதன் மேல் உரசியே தேயும். அறுந்ததும் பிரெய்டு கம்பெனியைத் திட்டுவார்கள்.

ஆகவே வாங்கும்போதே அந்த ரோலரைக் கழற்றுவது சுலபமா, மாற்றுப் பேரிங் கிடைக்குமா என்று கேளுங்கள். கடலுக்கு இதைவிட முக்கியமான கேள்வி இல்லை.

தண்ணீர்த் தடுப்பில் ஆளுக்கொரு வழி. பென் கம்பெனியின் ஸ்பின்ஃபிஷர் ஆறாம் தலைமுறை ஐபிஎக்ஸ்5, ஸ்லாம்மர் நான்காம் தலைமுறை ஐபிஎக்ஸ்6. இந்த எண்கள் சொல்வது பீய்ச்சி அடிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்பதைத்தான். முக்கி எடுக்கலாம் என்பதை அல்ல. முக்கினால் தாங்குமா என்ற கேள்வி ஏழாம், எட்டாம் எண்ணுக்கு உரியது. பத்து ஃபிரிங்கி பாறையிலோ தெலுக் பஹாங் ஜெட்டியிலோ நின்று போடுகிறவருக்கு ஐந்தாம் எண்ணே தாராளம். இடுப்பளவு அலையில் இறங்கி நிற்கிற ஆளுக்குத்தான் வான் ஸ்டால் மாதிரி முழுக்க மூடிய, பெய்ல் கம்பியே (நரம்பைப் பிடித்துச் சுற்ற மடக்கித் திறக்கும் வளைவுக் கம்பி) இல்லாத ரீல். அமெரிக்கக் கிழக்குக் கரை அலைக்காரர்களுக்காக வந்த சாமான் அது, நம்மில் யாருக்கும் அவ்வளவு அவசியமில்லை.

டைவாவின் மேக்சீல் வேறு ஜாதி. காந்தத்தால் பிடித்து வைத்த எண்ணெய்தான் அங்கே தடுப்புச் சுவர். அந்த வகை காந்தத் திரவத்தை 1963-இல் நாசாவில் ராக்கெட் எரிபொருளுக்காகச் செய்தார்கள். எடை இல்லாத இடத்தில் எரிபொருளைக் காந்தத்தால் இழுக்க நினைத்தார்களாம். இன்றைக்கு அது நம்ம ஊர் தெங்கிரி (வஞ்சிரம்) பிடிக்கப் பயன்படுகிறது. வேலை நன்றாகவே செய்யும். ஆனால் வீட்டில் கழற்றினால் அந்த எண்ணெய் போய்விடும், சர்வீஸ் கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசல் ஐந்தடி நடையில் பேப்பரை விரித்து ரீலைப் பிரித்துப் போட்டு உட்காருகிற என் மாதிரி ஆட்களுக்கு அது சரிப்படாது. கைவைக்கத் தெரியாதவர் தாராளமாக வாங்கலாம்.

கியர் வேகத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஷிமானோ ஸ்டெல்லா எஸ்டபிள்யூ 14000-இல் 4.4-க்கு 1 (கைப்பிடி ஒரு சுற்றுக்கு நரம்பு 4.4 சுற்று ஏறும்) என்று ஒன்றும் 6.2-க்கு 1 என்று ஒன்றும் உண்டு. ஆழத்தில் கனமான ஜிக் (உலோகப் போலி இரை) ஆட்டுவதற்குக் குறைந்த வேகம், மேலே ஓடும் தெங்கிரிக்கும் தாலாங் மீனுக்கும் வேகமாகச் சுற்ற அதிக வேகம். நம் பக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே ரீல் என்றால் 5.6, 5.7 அளவு போதும்.

அளவு எண்களை ஒரு கம்பெனிக்கும் இன்னொரு கம்பெனிக்கும் ஒப்பிடாதீர்கள். பென் 6500 வேறு, ஷிமானோ 6000 வேறு. டைவா தன் எண்களையே மாற்றியது. பழைய சால்டிகாவில் 4500, 5000 என்று வந்த வரிசை 2020-இல் 8000, 10000, 14000 என்று ஆனது. பி.இ. 3 நரம்பு முந்நூறு மீட்டர் ஏறுமா என்று மட்டும் பாருங்கள். ஆமாம், அடியில் கொஞ்சம் தங்கூசி (ஒற்றை இழை நைலான் நரம்பு) சுற்றிவிட்டு மேலே பிரெய்டு ஏற்றுங்கள். மொழுமொழு ஸ்பூலில் பிரெய்டை நேராகக் கட்டினால் மொத்தமாக வழுக்கிச் சுற்றும், டிராக் கெட்டுவிட்டது என்று பதறுவீர்கள்.

இனி கம்பெனிச் சண்டை. ஸ்டெல்லா வைத்திருப்பவர் ஸ்டெல்லா என்பார், சால்டிகா வைத்திருப்பவர் சால்டிகா என்பார். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. இரண்டுமே மூவாயிரம் வெள்ளியைத் தாண்டும், இரண்டுமே அருமை. இன்னொரு பக்கம் "மேட் இன் மலேசியா" என்று அடித்திருப்பதைப் பார்த்து, "ஒரிஜினல் இல்லையாண்ணே, ஜப்பான் இல்லையே?" என்று பயப்படுகிறவர்கள். ஷிமானோவுக்கு ஜொகூர் பொந்தியானில் தொழிற்சாலை இருக்கிறது, நல்ல ரீல்களே அங்கிருந்து வருகின்றன. பயப்பட வேண்டியது இணையத்தில் பாதி விலைக்கு வரும் ஸ்டெல்லாவைப் பார்த்துத்தான்.

எனக்கு ஒரு ரீல் மட்டும் என்றால் ஷிமானோ சரகோசாவோ ஸ்பெரோஸ் எஸ்டபிள்யூவோ, 6000 அல்லது 8000-இல் எடுப்பேன். பட்ஜெட் இடித்தால் டைவா பிஜி, வீட்டிலேயே பிரித்துப் பழக நல்ல ரீல். மிச்சப் பணத்தை நல்ல பிரெய்டுக்கும் கொக்கிக்கும் போடுங்கள். ஆயிரத்தைந்நூறு வெள்ளி ரீலில் இருபது வெள்ளி பிரெய்டைச் சுற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கழுவுவதையும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் ரீலின் ஆயுசே இருக்கிறது. வந்ததும் டிராக்கை நன்றாக இறுக்கிவிட்டுக் குழாய்த் தண்ணீரை மழைத்தூறல் போல் விடுங்கள். இறுக்காமல் கழுவினால் உப்புத் தண்ணீர் வாஷருக்குள் போகும். கார் கழுவும் பிரஷர் குழாய் வேண்டவே வேண்டாம், அது உப்பை உள்ளே தள்ளும். வாளியில் ஊறப்போடவும் கூடாது. துடைத்து நிழலில் காயவைத்து, டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியபடியே மாதக்கணக்கில் கிடந்தால் வாஷர் அமுங்கி, அடுத்த தடவை அந்தக் குதி வந்துவிடும். லைன் ரோலருக்கு ஒரு சொட்டு எண்ணெய். பெய்லைக் கைப்பிடி சுற்றி மூடாமல் கையால் மூடுங்கள். இவ்வளவுதான், ஐந்து நிமிடம்.

பழைய ரீல் வாங்குகிறவர்கள் கைப்பிடியை மெதுவாகத் திருப்பி, பிறகு சட்டென்று பின்னால் தள்ளிப் பாருங்கள். துளி பின்னால் போய் டக்கென்று நின்றால் ஒருவழி பேரிங் தேய்ந்திருக்கிறது. விலையை அங்கேயே பேசிக் குறையுங்கள், அல்லது நடையைக் கட்டுங்கள்.

கமெண்டில் "எது பெஸ்ட்" என்று மட்டும் கேட்காதீர்கள், பதில் சொல்ல மாட்டேன். எங்கே போகிறீர்கள், என்ன ராட், பி.இ. எத்தனை, இந்த மூன்றையும் எழுதுங்கள். கேஎல்லிலிருந்து ரொம்பின் மயில்மீனுக்குப் போகிற தம்பிகள் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதற்கு நரம்பு ஏறும் அளவு வேறு, தனியாகப் பேச வேண்டும்.