செக் ஜாவாவை எழுதிக் கொடுங்கள்

போன சனிக்கிழமை அக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நம் சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுக்குப் போயிருந்தேன். சாங்கிப் படகுத்துறையில் 12 பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும். நாங்கள் நால்வர், மீதி எட்டுப் பேர் வரும்வரை பிள்ளைகள் என்னைப் படுத்தி எடுத்துவிட்டார்கள்.

தீவின் ஓரத்தில் உள்ள செக் ஜாவா சதுப்புக் கரையில் நீர் வற்றிய நேரம். நடைபாலத்துக்குக் கீழே சேற்றில் பொடி நண்டுகள். ஒரு கொடுக்கு மட்டும் உடம்பைவிடப் பெரிசு, அதைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தன. "மாமா, யாரைக் கூப்பிடுது?" என்றான் சின்னவன். "பொண்ணு பாக்குதுடா" என்றேன். அதற்குப் பிறகு அவனை அங்கிருந்து நகர்த்தவே முடியவில்லை.

அந்தச் சேறு 2001 டிசம்பரிலேயே மண்ணுக்கடியில் போயிருக்க வேண்டியது. கடலைத் தூர்க்கும் வேலை தொடங்க இருந்த கடைசி மாதங்களில் விஷயம் வெளியே பரவி, நீர் வற்றும் நாள் பார்த்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். தொண்டூழியர்கள் ஒவ்வோர் உயிராகக் கணக்கெடுத்தார்கள். அரசாங்கம் இறங்கி வந்தது. பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அப்போது கிடைத்தது ஒத்திவைப்பு: வளர்ச்சித் தேவைக்கு உபின் வேண்டியிருக்காதவரை தூர்க்க மாட்டோம் என்பது. இன்றுவரை அதே நிலைதான். சட்டப்படி நமக்கு இருக்கும் இயற்கை வனப்பகுதிகள் நான்கு: புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதி, சுங்கை பூலோ, லாப்ரடார். செக் ஜாவா அதில் இல்லை.

இப்போது இதை ஏன் எழுதுகிறேன் என்றால், 2026 ஜனவரி 17 அன்று பெருங்கடல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலில் உயிர்களைக் காப்பதற்கான ஒப்பந்தம். 2023 மார்ச்சில் நியூயார்க்கில் விடிய விடிய பேசி முடித்து, "கப்பல் கரை சேர்ந்துவிட்டது" என்று அறிவித்தவர் அந்தப் பேச்சுக்குத் தலைமை தாங்கிய நம்மூர் ரெனா லீ. 1982இல் கடல் சட்ட மாநாட்டை முடித்து வைத்தவரும் நம் டாமி கோ. முதல் ஆளாக இந்தப் பெருங்கடல் ஒப்பந்தத்தை உறுதிசெய்த நாடு பசிபிக் தீவு நாடான பலாவ். அங்குள்ள ஜனங்கள் மொத்தமும் நம் தோ பாயோ வட்டாரத்தை நிரப்பக்கூடக் காணாது. சின்னத் தீவுகள் சேர்ந்து பெரிய நாடுகளைக் கையெழுத்துப் போட வைத்ததில் எனக்கும் பெருமைதான்.

ஆனால் நம்மூரிலிருந்து எந்தப் பக்கம் படகு எடுத்தாலும் யாருக்கும் சொந்தமில்லாத அந்தக் கடல் வருவதற்குள் அடுத்த நாடு வந்துவிடும். ஒரு மணி நேரத்தில் இந்தோனேசியாவின் பாத்தாம். நம் கையில் இருப்பது இந்தக் கரையோரச் சேறுதான்.

நிலம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். 1960களில் 580 சதுர கிலோமீட்டர் சொச்சமாக இருந்த நாடு இன்று 730ஐத் தாண்டிவிட்டது. நான் குடியிருக்கும் மரின் பரேட் வீடே தூர்த்த கடல்மேல்தான் நிற்கிறது. அதனால் எல்லாக் கரையையும் விடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. இந்த ஒன்றை மட்டும் தூர்க்க மாட்டோம் என்று சட்டத்தில் எழுதிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சட்டத்தை மட்டும் மாற்ற மாட்டார்களா? மாற்றுவார்கள். பசிபிக் தீவு நாடான கிரிபாத்தி 2015இல் ஃபீனிக்ஸ் தீவுக் கடலை வணிக மீன்பிடிப்புக்கு மூடியது, 2021இல் திறக்க முடிவு செய்தது. பணத் தேவை. இருந்தாலும் அது ஊரறிய நடந்தது, உலகமே கேள்வி கேட்டது. வெறும் ஒத்திவைப்பை நீக்குவதற்கு அவ்வளவு சத்தம் தேவைப்படாது.

வீட்டுக்கு வந்து சொன்னால் அத்தான் சிரிக்கிறார். "அதான் இத்தனை வருசமா யாரும் தொடலையே, அப்புறம் என்ன?" அதையேதான் நானும் கேட்கிறேன். தொடப்போவதில்லை என்றால் எழுதிக் கொடுக்க என்ன தயக்கம்?